“ஒரே பேச்சா இருக்குப்பா!”

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஸ்பைடர்மேன் படங்கள் என்றால் அவனுக்கு உயிர். ஆசையாக, 1960களில் வந்த முதல் ஸ்பைடர்மேன் கதைகளின் தொகுப்பை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கதை படித்துவிட்டு, “ஒரே பேச்சா இருக்குப்பா” என்று மூடிவிட்டான். பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் இன்றைய வாசகனுக்குத் தாங்குமா? இல்லை, எல்லாம் நம் வயதுக்காரர்களின் ஏக்கம்தானா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் பையன் சொன்னதில் தப்பே இல்லை. ஸ்பைடர்மேன் சுவரில் ஏறுவது படத்திலேயே தெரிகிறது. ஏறுகிறேன் என்று அவனும் நினைத்துக்கொள்வான், மேலே ஒரு பெட்டியில் கதாசிரியரும் அதையே சொல்வார். இதில் சலிப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனால் அவை தொகுப்பாகப் படிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. மாதம் ஓர் இதழ், விலை 12 சென்ட். போன மாத இதழைப் பார்க்காதவன் இந்த மாதத்து இதழைக் கையில் எடுத்தாலும் கதை புரிய வேண்டும். அதனால் இவன் யார், என்ன சக்தி, வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பச் சொன்னார்கள். மாதத்துக்கு ஒரு தடவை சொன்னதை ஒரே நாளில் பத்துத் தடவை கேட்கச் சொல்கிறீர்கள் நீங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பைடர்மேனை வெளியிட்ட மார்வெலில், கதாசிரியர் ஸ்டான் லீ கதையின் போக்கை மட்டும் பேசி முடிப்பார். ஓவியர் முழுக்க வரைந்துவிடுவார். அப்புறம்தான் லீ வசனம் எழுதுவார். ஓவியர் ஏற்கெனவே சொல்லிவிட்ட கதையின்மேல் வந்து உட்கார்ந்த எழுத்து அது. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் மட்டும் படித்தால் போதும்.

தாங்குமா என்ற கேள்விக்கு என் பதில், 1966 பிப்ரவரி தேதியிட்ட ஸ்பைடர்மேன் 33-வது இதழ். ஸ்பைடர்மேன் முகமூடிக்குள் இருக்கும் பீட்டரை வளர்த்த மே பெரியம்மா சாகக் கிடக்கிறார். அந்த நோய்க்குக் காரணமே பீட்டர் முன்பு அவருக்குக் கொடுத்த ரத்தம், அதில் கலந்திருந்த கதிர்வீச்சு. அவரைப் பிழைக்க வைக்கும் மருந்து கண்ணுக்கு எதிரே, கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. பீட்டரின் முதுகின்மேல் ஒரு பெரிய இரும்பு இயந்திரம். கூரையிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் காட்சி, பக்கத்தில் வில்லன்கூட இல்லை. இதைத்தான் ஓவியர் ஸ்டீவ் டிட்கோ ஐந்து பக்கம் வரைந்திருக்கிறார். முதலில் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றில் அவனுக்கு அசைய இடமே இல்லை. அவன் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகின்றன. கடைசியில் இயந்திரத்தைத் தூக்கும்போது ஒரு முழுப்பக்கம். அதற்கு முந்தைய பக்கத்தில் எனக்கு இப்போதும் கை தயங்கும்.

இது ஏக்கம் இல்லை. நான் இதைச் சின்ன வயதில் படித்ததே கிடையாது, வேலைக்குப் போன பிறகுதான் கையில் கிடைத்தது. நம் ஏக்கம் இருக்கும் இடம் வேறு: 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள்). இரண்டுமே பிரிட்டிஷ் கதைகள். அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். நம்மில் எத்தனையோ பேர் அது தெரியாமலே அவர் கதையைப் படித்து வளர்ந்தோம். அவை என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இன்றைய பையனிடம் கொடுக்கமாட்டேன். பிரிட்டனில் வாரத்துக்கு இரண்டு பக்கமாக வந்தவை, ஒவ்வோர் இரண்டு பக்கத்துக்கும் ஓர் ஆபத்து என்று ஓடும். அந்த வாரக் காத்திருப்பு இல்லாமல் படித்தால் வெறும் ஓட்டம்தான் மிஞ்சுகிறது.

அதே சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் 1938-ல் செய்த சூப்பர்மேனைக் கொடுப்பேன், தயங்காமல். அவனுக்கு அப்போது பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். முதல் கதையிலேயே மனைவியை அடிக்கிற ஒருவனைச் சுவரில் மோதுகிறான், செனட்டரை வளைத்துப் போடுகிற தரகனைப் பிடித்து உலுக்குகிறான். மூன்றாவது இதழில் ஒரு சுரங்க முதலாளியையும் அவன் விருந்தாளிகளையும் அவனுடைய பாதுகாப்பில்லாத சுரங்கத்துக்குள்ளேயே மாட்டவைத்து, தொழிலாளியின் பயம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறான். கோபக்காரன். 1954-ல் வந்த காமிக்ஸ் கட்டுப்பாட்டு விதிகள் அதிகாரிகளை மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது என்றன. அதன் பிறகு இப்படி ஒரு சூப்பர்மேனை யார் வரைந்திருக்க முடியும்? ஐம்பதுகளின் கதைகள் பலவும் சப்பென்று இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தாங்காதவை எவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்வெலின் நால்வர் குழுவான ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ஆரம்ப இதழ்களில், அதில் இருந்த ஒரே பெண்ணான சூ ஸ்டார்மின் வேலை மயங்கி விழுவதும் பிடிபடுவதும்தான். அவள் பெயர் ‘இன்விசிபிள் கேர்ள்’ என்பதிலிருந்து ‘இன்விசிபிள் வுமன்’ ஆக 1985 வரை ஆனது. இரண்டாம் உலகப் போர்க்கால இதழ்கள் ஜப்பானியர்களைக் கோரைப் பல்லும் மஞ்சள் தோலுமாக வரைந்தன. “அந்தக் காலம் அப்படி” என்று மகனிடம் மழுப்பாதீர்கள். அது அன்றைக்கும் தப்பு என்றே சொல்லிக் கொடுங்கள்.

நீங்கள் வாங்கியது வழவழப்புத் தாள் பதிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். மட்டமான செய்தித்தாள் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுத் தீட்டிய நிறங்கள் அவை. பளபளக்கும் வெள்ளைத் தாளில் கண்ணைக் குத்துகின்றன. கறுப்பு வெள்ளைப் பதிப்பு கிடைத்தால் வாங்குங்கள், டிட்கோவின் கோடு அதில் இன்னும் நன்றாகத் தெரியும்.

சரி, அந்தத் தொகுப்பை இப்போதைக்கு உள்ளே வைத்துவிடுங்கள். 31, 32, 33 மூன்று இதழ்களை மட்டும் தேடிப் பிடித்து அவன் மேசையில் வையுங்கள். பக்கத்தில் நின்று விளக்க வேண்டாம். அப்போதும் மூடிவிட்டான் என்றால், எந்தப் பக்கத்தில் மூடினான் என்று அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.