சின்னப் பிள்ளைகளோடு ஓகஸ்ட் லீவுக்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எங்கே போகலாம்?

யோசிக்காமல் பாசிக்குடாவுக்குப் போங்கள். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர்தான். அலையை வெளியிலுள்ள பவளப்பாறை தடுத்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை நம் கிழக்குக் கடல் அடங்கியிருக்கும் காலம். ஆனால் கச்சான் காற்று அனலாய் அடிக்கும். காலை ஒன்பதுக்குள் பிள்ளைகளைக் குளிக்கவைத்துக் கரையேற்றிவிடுங்கள். மணல் சுட்டால் செருப்பில்லாத கால் தாங்காது.

பின்னேரம் பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்.

அறுகம்பே அழகுதான், ஆனால் அப்போது அங்கே அலைச்சறுக்குப் பருவம். சின்னவர்களைக் கடலில் இறக்க எனக்கு மனம் வராது. அதற்குப் பதிலாகப் பொத்துவில் களப்பில் தோணியில் போய்க் கண்டல் மரங்களைக் காட்டுங்கள். கரையில் யானை நின்றாலும் நிற்கும்.