பழைய வீடு வாங்கும்போது எந்த சர்வே? வயதைவிட, நடந்த வேலைகளைப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில், 1930களில் கட்டிய மூன்று படுக்கையறை செமி (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு) ஒன்றுக்கு நாங்கள் கொடுத்த ஆஃபர் ஏற்கப்பட்டுவிட்டது. பின்பக்கம் சமையலறையை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கூரைக்கடியில் இருக்கும் லாஃப்டையும் அறையாக்கியிருக்கிறார்கள். மோர்ட்கேஜுக்காக வங்கி வேல்யுவேஷனை முடித்துவிட்டது. அதற்கு மேலும் சர்வே, அதாவது வீட்டின் நிலையைப் பார்த்து சர்வேயர் எழுதும் ரிப்போர்ட், தேவையா? ஏஜென்ட் "லெவல் 2 போதும்" என்கிறார். என் அத்தானோ "தொண்ணூறு வருஷத்து வீடு, லெவல் 3 எடு" என்கிறார். இரண்டுக்கும் 400 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். எதை எடுப்பது?

பதில்: லெவல் 3 எடுங்கள். அத்தான் சொன்ன முடிவு சரி, காரணம்தான் சரியில்லை.

முதலில் வங்கி விஷயம். வேல்யுவேஷன் என்பது, நீங்கள் தவணை கட்டாமல் போனால் வீட்டை விற்றுக் கடனை மீட்க முடியுமா என்று வங்கி தனக்காகப் பார்த்துக்கொள்வது. பல நேரம் ஒருவரும் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை, கம்ப்யூட்டரிலேயே விலையைக் கணக்கிட்டு முடித்துவிடுவார்கள். "வங்கியே பார்த்துவிட்டது" என்று நம்பி சர்வே எடுக்காமல் வாங்குகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். இங்கிலாந்தில் வீட்டின் குறையைக் கண்டுபிடிப்பது வாங்குகிறவர் பொறுப்பு. (ஸ்காட்லாந்தில் கதை வேறு. அங்கே விற்கிறவரே வீட்டின் நிலையைச் சொல்லும் ஹோம் ரிப்போர்ட் தர வேண்டும்.)

ரிக்ஸ் (RICS) எனப்படும் சர்வேயர்கள் அமைப்பு, 2021 மார்ச் முதல் வீட்டு சர்வேயை மூன்று நிலைகளாக வைத்திருக்கிறது. லெவல் 1 புதிய, எளிமையான வீடுகளுக்கு. அதை விட்டுவிடுவோம். லெவல் 2 வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டு, எது அவசரம் என்று சொல்லும். லெவல் 3இலும் அந்த நிறங்கள் உண்டு. கூடவே குறை ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்வது, விட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதுவார்கள். வீட்டில் செலவிடும் நேரமும் கூடும். லண்டனில் லெவல் 2க்கு சுமார் 500 முதல் 900 பவுண்டு ஆகும், லெவல் 3க்கு 800 முதல் 1,500 வரை.

கைவைக்காத 1930களின் செமி என்றால் நானும் லெவல் 2 போதும் என்றுதான் சொல்வேன். அந்த வகை வீடுகள் லண்டனின் புறநகரெங்கும் ஒரே அச்சில் நிற்கின்றன. அவற்றில் எது கெடும் என்று சர்வேயர்களுக்கு அத்துப்படி. கதை மாறுவது, பின்னால் வந்தவர்கள் இடித்தும் சேர்த்தும் வைத்த இடங்களில்தான். உங்கள் வீட்டில் அப்படிக் குறைந்தது இரண்டு இடங்கள் தெரிகின்றன. மூன்றாவதும் இருக்கலாம்: சிம்னி.

அடுத்த முறை வீட்டைப் பார்க்கப் போகும்போது தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். செங்கல் சிம்னி நிற்கிறதா? பிறகு உள்ளே வந்து, அதற்கு நேர் கீழே உள்ள அறைகளைப் பாருங்கள். அந்த அறைகளில் சுவரிலிருந்து ஒன்றரை அடி துருத்திக்கொண்டு சிம்னிச் சுவர் இறங்கி வரவேண்டும். சில வீடுகளில் இடம் பெரிதாகட்டும் என்று அதை இடித்துவிட்டு, மேலே உள்ளதை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். அறைகளில் சுவர் வழவழவென்று இருந்து, கூரையில் சிம்னி நின்றால், அத்தனை செங்கல்லும் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முறையாக ஓர் இரும்பு உத்தரம் போட்டிருக்கலாம். சுவரில் முடுக்கிய முக்கோணத் தாங்கி மட்டும் இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அதையும் பார்த்திருக்கிறேன். செமியில் இந்தச் சிம்னி பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரில் இருக்கும் என்பதால், அவர்களையும் சேர்த்து இது ஒரு தலைவலி.

லாஃப்டும் அப்படித்தான். அதன் தரையில் உள்ள அந்தக் காலத்து மரச் சட்டங்கள் நான்கு அங்குல உயரம்தான் இருக்கும். கீழறையின் மேற்கூரைப் பலகையைத் தாங்கப் போட்டவை, கட்டிலும் அலமாரியும் தாங்குவதற்கல்ல. தலை இடிக்காமலிருக்க, கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களை வெட்டி எடுத்தவர்களும் உண்டு. விளம்பரத்தில் 'நான்காவது படுக்கையறை' என்று போடாமல் 'லாஃப்ட் ரூம்' என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். அப்படிப் போட்டால், வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று சொல்லும் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ் இல்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

பிறகு மண். ஹாரோ பகுதியில் பெரும்பாலும் லண்டன் களிமண், கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். 1976, 2022 போன்ற வறண்ட கோடைகளில் அத்திவாரம் இறங்கிய புகார்கள் காப்புறுதி நிறுவனங்களிடம் குவிந்தன. அந்தக் காலத்து அத்திவாரங்கள் ஆழமில்லாதவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மேலே போகப் போக அகலமாகும் வெடிப்பு தெரிந்தால், முக்கியமாகப் பழைய வீடும் புதிய சமையலறையும் சேரும் இடத்தில் தெரிந்தால், குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓக் அல்லது வில்லோ மரம் நின்றால் இன்னும் கவனம்.

சர்வேயரை நீங்களே தேடுங்கள், ரிக்ஸ் தளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஏஜென்ட் கைகாட்டுகிறவர் நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்கிறவர். பணம் கட்டும் முன்பே போனில் பேசுங்கள். சிம்னி, லாஃப்ட், சமையலறை, களிமண் என்று நான்கையும் எழுதி அனுப்பிவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு முறை பேசுங்கள். "உங்கள் மகள் இதை வாங்கினால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் வராதது பேச்சில் வரும்.

லெவல் 3 என்றாலும் அவர் சுவரைத் துளைக்கமாட்டார், ஒட்டிய கார்பெட்டைப் பிய்க்கமாட்டார். மின்சாரத்தையும் பாய்லரையும் சோதிப்பது அவர் வேலையல்ல. அதனால் ரிப்போர்ட்டில் 'மேலும் ஆராயவும்' என்று சில இடங்களில் வரும். அந்த இடங்களுக்கு மட்டும் தனி ஆளைக் கூப்பிடுங்கள்: வெடிப்புக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கழிவுக் குழாய்க்கு உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பவர், வயரிங்குக்கு எலெக்ட்ரிஷியன். எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து பணத்தைக் கரைக்க வேண்டாம். ஓதத்துக்கு (சுவர் ஈரத்துக்கு) மட்டும், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வரும் மருந்தடிக்கும் கம்பெனியை நம்பாதீர்கள். அவர்களுக்கு எந்த ஈரமும் சுவரில் மருந்தூசி போட வேண்டிய ஈரம்தான். உண்மையில் பல வீடுகளில் காரணம் ஒழுகும் மழைக்குழாயாகவோ, உயர்த்திப் போட்ட முற்றம் தரையோரக் காற்றுத் துளைகளை மூடியதாகவோ இருக்கும்.

கடைசியாக, பத்திர வேலையைப் பார்க்கும் வக்கீலான சொலிசிட்டர். சான்றிதழ் இல்லையென்றால், "இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் போட்டுவிடலாம், நூற்றுச் சொச்சம்தான்" என்பார். அது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் இழப்புக்குத்தான். உத்தரம் வளைந்தால் ஒரு பென்னிகூட வராது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு நடந்த வேலை என்றால், விற்கிறவரே கவுன்சிலில் விண்ணப்பித்துப் பின்தேதியில் முறைப்படுத்திக்கொள்ள வழி உண்டு. கவுன்சில் ஆட்கள் வந்து தேவைப்பட்டால் திறந்து பார்ப்பார்கள், சில வாரங்கள் இழுக்கும். லெவல் 3 ரிப்போர்ட்டில் உத்தரம் பற்றிச் சந்தேகம் எழுந்தால் இப்படி முறைப்படுத்தித் தரும்படி விற்கிறவரைக் கேளுங்கள், அல்லது இன்ஜினியர் எழுதித் தரும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது) ஆகும்வரை உங்கள் ஆஃபர் உங்களைக் கட்டுப்படுத்தாது. எந்த வழி என்று முடிவாகும்வரை நீங்களாகக் கவுன்சிலுக்கு போன் போட்டு விசாரிக்க வேண்டாம். விசாரித்தது தெரிந்தால் அந்த இன்ஷூரன்ஸைப் பெரும்பாலும் தரமாட்டார்கள்.