ஆவாரை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் விடைகளும்

திண்டுக்கல் வாசகி: ஆவாரை விதைகளைத் தொட்டியில் விதைத்து நெடுநாளாகியும் பெரும்பாலானவை முளைக்கவில்லை. விதை கெட்டுவிட்டதா?

கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஆவாரை விதையின் மேலோடு மிகக் கடினமானது. நீர் உள்ளே இறங்காத வரை விதை மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். கொதித்து இறக்கிய நீரைச் சற்று ஆறவிட்டு, அதில் விதைகளை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் விதையுங்கள்; உப்பாதவற்றை மறுபடியும் அவ்வாறே ஊறவைக்கலாம். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கரு வெந்துவிடும். ஆணிவேர் விரைந்து இறங்கும் செடியாதலால், இடமிருந்தால் ஆடி, ஆவணியில் நிலத்திலேயே நேரடியாக ஊன்றிவிடுவது நல்லது.

கோவை வாசகர்: செடி பச்சைப்பசேலென்று வளர்ந்திருக்கிறது, பூ மட்டும் இல்லை.

தாங்கள் அதை அளவுக்கு மீறிப் பேணுகிறீர்கள் என்றே தோன்றுகிறது. செம்மண் மேட்டிலும் சரளை மண்ணிலும் பங்குனி, சித்திரை வெயிலில் மற்றவை காய்ந்து நிற்கும்போது மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்குவது இதன் இயல்பு. எருவை நிறுத்துங்கள், வேர் பிடித்தபின் தண்ணீரையும் குறையுங்கள், நாள் முழுதும் வெயில் படும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பூங்கொத்து கிளை நுனியில் வருவதால், ஒரு பருவம் முடிந்ததும் நுனிகளைக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். இலைகளை மேயும் புழுக்கள் பெரும்பாலும் வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளாக மாறுபவை. அவற்றுக்கு மருந்தடிக்க வேண்டாம்.

சிவகங்கை வாசகர்: பொன்னாவாரை, நிலாவாரை எல்லாம் இதுவேதானா?

அல்ல, பறிப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்வது மிக முக்கியம். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு இருக்கும். இலைக்காம்பை விரலால் வருடிப் பார்த்தால் சிற்றிலை இணைகளுக்கு இடையே சிறு சுரப்பிகள் தட்டுப்படும். காய் தட்டையாகவும் காகிதம்போல் மெல்லியதாகவும் இருக்கும். நிலாவாரை பேதிக்குக் கொடுக்கும் மூலிகை. பொன்னாவாரை என்று பலர் சுட்டும் செடிகளுள் ஒன்றின் விதையை உண்ட குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேர்ந்திருப்பதால், ஐயமிருந்தால் தொடவே வேண்டாம்.

ஈரோடு வாசகி: பொங்கல் காப்பில் ஆவாரம்பூ ஏன்?

போகியன்று வேப்பிலை, சிறுபூளை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு இறவாணத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் வயல் மூலையிலும் செருகுவது கொங்குப் பகுதி வழக்கம். தீங்கு அண்டாதிருக்கக் கட்டும் காப்பு என்பது மக்களின் நம்பிக்கை. மூன்றும் அந்நாளில் ஊர்ப்புறத்தில் காசின்றிக் கிடைப்பவை என்பதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியும் இதன் மருத்துவ மதிப்பைச் சுட்டுவதே. இன்னும் பழைய தொடர்பும் உண்டு: காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது, பனைமடலால் செய்த குதிரைக்கு ஆவிரைப் பூமாலை சூட்டுவதைக் குறுந்தொகையின் 173ஆம் பாடல் காட்டுகிறது. வெயிலில் நடப்போர் இதன் இலையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொள்வதும் உண்டு.

வாணியம்பாடி வாசகர்: தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதாமே?

ஆம். பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி. தென்னிந்தியாவில் பதனிட்டு ஏற்றுமதியான தோல்களுக்கு ஒரு காலத்தில் இதுவே முதன்மைப் பொருள். பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் என்ற வேல வகை மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்தது.

யாழ்ப்பாண வாசகி: அம்மாவுக்கு நீரிழிவு, ஆவாரம்பூத் தேநீர் கொடுக்கலாமா?

பூ, இலை, பட்டை, வேர், விதை ஐந்தும் சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குப் பயன்படுபவை. இலங்கையில் சிங்கள மக்களும் ‘ரணவரா’ என்ற பெயரில் இதைத் தேநீராகப் பருகுகிறார்கள். நிழலில் உலர்த்திய பூவைக் கொதிநீரில் இட்டு எப்போதாவது பருகுவது வேறு. மாத்திரைக்கு மாற்றாக நாள்தோறும் கொடுப்பது வேறு. தேநீரும் மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ வாய்ப்புண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தற்போதைய மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்குக் கார்பமசெபின் உட்கொள்வோர் தவிர்க்கவேண்டும். எலிகளில் நடந்த ஆய்வில் ஆவாரை அம்மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தியது. பூவைச் சாலையோரச் செடிகளில் பறிக்காமல் வீட்டுச் செடியிலிருந்து எடுங்கள். ஒரு கொத்தில் பாதியையேனும் காய்க்க விட்டுவிடுங்கள்.