மாத்திரையும் மதுவும்: எத்தனை நாள் இடைவெளி?

கேள்வி: பல் வீக்கத்துக்காக என் கணவருக்கு மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் வெட்டிக் கொடுத்த அட்டையில் மருந்தின் பெயர்கூட முழுதாக இல்லை. ‘குடிக்கக் கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். கடைசி மாத்திரை போட்ட அன்றிரவே குடிக்கலாமா என்று கேட்கிறார்.
– வாசகி, குடியாத்தம்

பதில்: கூடாது. மெட்ரோனிடசோல் உட்கொள்ளும் நாட்களிலும், கடைசி மாத்திரைக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் வரையிலும் மதுவைத் தொடக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை. மூன்று நாள் காத்திருப்பது இன்னும் நல்லது. மீறினால் முகம் சிவந்து, வாந்தி, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு வரக்கூடும். அரிஷ்டங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் ஆல்கஹால் உண்டு என்பதால் அவற்றையும் தள்ளி வையுங்கள். குடிப்பதற்காக மாத்திரையைப் பாதியில் நிறுத்தினாலோ நோய்த்தொற்று முழுமையாகத் தீராமல் போகலாம்.

‘குடிக்கக் கூடாது’ என்பதோடு எச்சரிக்கை முடிந்துவிடுவதில்லை. எத்தனை நாள், ஏன் என்பதையும் சொன்னால்தான் வேலூரிலோ ஆம்பூரிலோ வேலை முடிந்து திரும்பும் ஒருவர் அதைக் கடைப்பிடிப்பார். தூக்க மாத்திரையுடன் மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு சாப்பிடுபவர் வெறும் வயிற்றில் குடித்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். அந்த மயக்கத்தைப் போதை என்றெண்ணி வீட்டார் படுக்கவைத்துவிடுவதுதான் என்னை மிகவும் அஞ்சவைக்கிறது.

அடுத்த முறை, பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியையே வெட்டித் தரும்படி கேளுங்கள். மது தவிர்க்க வேண்டிய நாட்களை மருந்து உறையின் மேல் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.