பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து தப்ப நோவா கட்டிய கப்பலான நோவாவின் பேழையைத் துருக்கியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வருகிறதே, உண்மையா?

இல்லை. அந்தப் படத்தில் இருப்பது அராராத் மலைக்குத் தெற்கே உள்ள துருப்பினார் மேடு. 1959-ல் துருக்கி ராணுவ கேப்டன் ஒருவர் வான்படங்களில் இதைக் கவனித்தார். மேலிருந்து பார்த்தால் அசல் கப்பல் மாதிரியேதான்! அடுத்த ஆண்டே போய்த் தோண்டிய குழுவுக்கு மண்ணும் கல்லும்தான் கிடைத்தன.

பிறகு இதைப் பிரபலமாக்கியவர் ரான் வயட். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ், தொல்லியல் படித்தவரல்ல. பைபிளில் மோசேயும் மக்களும் செங்கடலைக் கடந்த இடம், பத்துக் கட்டளைப் பலகைகள் வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி என எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். ஒரே மனிதருக்கு இத்தனை அதிர்ஷ்டமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

சரி, அளவு பொருந்துகிறதே என்பீர்கள். பேழைக்கு பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்வது 300 முழ நீளம், 50 முழ அகலம். பழைய எகிப்தின் அரச முழத்தை (சுமார் 52 செ.மீ.) எடுத்தால் நீளம் ஏறக்குறைய 157 மீட்டர்; மேட்டின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அகலம் 26 மீட்டர்தான் வர வேண்டும், மேடோ 40 மீட்டரைத் தாண்டுகிறது. இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

ஒரு காலத்தில் வயட்டோடு சேர்ந்து தேடிய டேவிட் ஃபாசோல்டே, 1996-ல் ஒரு புவியியலாளருடன் சேர்ந்து, இது இயற்கையான பாறை அமைப்புதான் என்று கட்டுரை எழுதினார்.