டிஜிட்டல் வெண்பலகை: ஏஜெண்டிடம் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மலேசியாவில் கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் தனியார் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் ஒப்பந்த விரிவுரையாளராக இருக்கிறேன். வெண்பலகையில் மாணவர்களைக் குழுவாக வேலை செய்ய வைக்கச் சொல்கிறார்கள். 75 அங்குலத் தொடுதிரையும் ஆண்டு லைசென்ஸும் வாங்கினால்தான் முடியும் என்று ஒரு ஏஜெண்ட் துறைத்தலைவரை நச்சரிக்கிறார். பாதிப் பிள்ளைகள் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள், கையில் கைப்பேசி மட்டும்தான். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஏஜெண்டை வாசலிலேயே நிறுத்துங்கள். சுவரில் மாட்டும் திரை வேறு, பிள்ளைகள் சேர்ந்து எழுதும் பலகை வேறு. அந்தப் பலகை ஒரு மென்பொருள், கைப்பேசியிலேயே திறக்கும். திரையில் நீங்கள் ஒருவர் எழுத நாற்பது பேர் வேடிக்கை பார்த்தால் அது குழுக் கற்றலே இல்லை, கரும்பலகைக்கு மின்சாரம் கொடுத்த கதைதான்.

கூகுளின் ஜாம்போர்ட் கதை தெரியுமா? 55 அங்குலத் திரை, 2017இல் 4,999 அமெரிக்க டாலர் விலையில் வந்தது. 2024 அக்டோபரில் அதன் செயலியில் எழுத முடியாமல் போனது, அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் எல்லாம் முடிந்தது. கூகுளுக்கே அந்தக் கதி என்றால், நேற்று முளைத்த கம்பெனியின் லைசென்ஸை நம்பி மூன்று வருட ஒப்பந்தம் போடுவதா? "சேவை நின்றால் திரை சும்மாவாவது வேலை செய்யுமா, என் கோப்புகள் என் கைக்கு வருமா" என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

இலவசமாகவே போதுமான வெண்பலகைச் செயலிகள் இருக்கின்றன. மீரோவின் இலவசக் கணக்கில் மூன்று பலகைகளைத் திருத்தலாம். பிக்ஜாம் கல்விக் கணக்கு மாணவருக்கும் ஆசிரியருக்கும் இலவசம், மாணவரா ஆசிரியரா என்ற சரிபார்ப்பு மட்டும் உண்டு. எக்ஸ்காலிட்ராவுக்குக் கணக்கே வேண்டாம், இணைப்பைத் தட்டினால் உள்ளே போகலாம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

வகுப்பில் ஐந்து பேருக்கு ஒன்று என்று பலகையில் தனிக் கட்டம் போட்டு, மேலே குழுவின் பெயரை எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, ஆளுக்கு இரண்டு ஒட்டுக்குறிப்பு (பலகையில் ஒட்டும் சின்னச் சீட்டு) எழுத வேண்டும், அப்புறம்தான் விவாதம். இல்லாவிட்டால் கெட்டிக்காரன் ஒருவன் எல்லாவற்றையும் எழுதிவிடுவான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பின்னணியில் இருக்கும் படத்தையும் தலைப்பையும் மறக்காமல் பூட்டி வையுங்கள். கைப்பேசியில் இரண்டு விரலால் பெரிதாக்கப் பார்க்கும் பிள்ளை, கட்டைவிரல் பட்டு உங்கள் வரைபடம் முழுவதையும் மூலைக்கு இழுத்துவிடும், யார் இழுத்தது என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். பெரிய புகைப்படங்களைப் பலகையில் போடாதீர்கள், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் பிரீபெய்ட் டேட்டாவோடு இருப்பவருக்கு அது திறக்கவே திறக்காது.

திரை வேண்டாம் என்றேன், ஆனால் கணக்கு, வேதியியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சமன்பாட்டை வரிவரியாகக் கையால் எழுதிக் காட்டாமல் பிள்ளைக்குப் புரியாது, பென்சீன் வளையத்தை மவுஸில் வரைந்தால் நெளிந்த வளையல் மாதிரி வரும், ஒட்டுக்குறிப்பில் பின்னம் எழுதவே முடியாது. அதற்கும் 75 அங்குலத் திரை தேவையில்லை. மடிக்கணினியில் செருகும் பேனாப் பலகை சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும், அதில் எழுதுங்கள், வகுப்பில் இருக்கும் பழைய புரொஜெக்டரில் காட்டுங்கள். பிள்ளைகள் தாளில் போட்டு, படத்தைச் சிறிதாக்கிப் பலகையில் ஒட்டட்டும். பேனாப் பலகை வாங்கவும் மூன்று குவொட்டேஷன், இரண்டு கையெழுத்து, ஒரு பருவம் காத்திருப்பு என்று நிர்வாகம் இழுத்தடிக்கும். ஆயிரக்கணக்கில் திரை வாங்க மட்டும் இவர்களுக்கு எப்படி ஒரே வாரத்தில் கையெழுத்து கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நீங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைக்ரோசாப்ட் வைட்போர்டில் நீங்கள் உருவாக்கும் பலகை கல்லூரி கொடுத்த கணக்கின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் உட்காரும். ஒப்பந்தம் முடிந்து உங்கள் கணக்கை நீக்கினால், நிர்வாகம் அமைப்பை மாற்றி வைக்காதவரை 30 நாளில் அதுவும் போய்விடும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வகுப்பும் முடிந்த கையோடு பலகையைப் படமாகவோ பிடிஎப்பாகவோ இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், சிக்னல் இல்லாமல் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளையும் அன்றிரவே பார்த்துக்கொள்ளும்.