ஸ்காபரோ வீட்டுக்குப் பனி அள்ளும் கொந்தராத்து: ஏன் இந்த விலை வித்தியாசம்?

களுவாஞ்சிக்குடி தம்பி, அக்காவும் அத்தானும் மார்கழி முதல் மாசி வரை ஊரில் நிற்கப்போகிறார்கள், கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவிலுள்ள அவர்கள் வீட்டில் ஸ்நோ அள்ள ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு கேட்கிறார், எது நியாயம் என்று கேட்டிருந்தீர்கள். நான் அவசரப்பட்டு மலிவானதை எடுக்கமாட்டேன்.

முதலில், எத்தனை சென்டிமீட்டர் விழுந்தால் ஆள் வருவார் என்று எழுத்தில் வாங்குங்கள். பல கொந்தராத்துகளில் 5 சென்டிமீட்டருக்குக் கீழே வரமாட்டார்கள். 3 சென்டிமீட்டர் விழுந்து, பகலில் உருகி, இரவில் உறைந்தால் படியெல்லாம் ஐஸ்தான். தபால்காரர் வழுக்கி விழுந்தால் வழக்கு வீட்டுக்காரர் மேல் வரலாம். ஆகவே உப்புப் போடுவதும் சேர்த்தியா என்று கட்டாயம் கேளுங்கள், அதற்குத் தனிக்காசு கேட்பவர்கள் உண்டு.

அப்புறம், மாநகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போகும்போது வாசலில் ஒரு கெட்டிப் பனி வரம்பைக் கட்டிவிட்டுப் போகும். அதை யார் அள்ளுவது? டிரைவ்வேயை, அதாவது வீட்டு முன்னால் கார் விடும் பாதையை, இயந்திரத்தால் தள்ளலாம், படியும் வாசல் பாதையும் கையால்தான். கூலி ஏறுவது அங்கேதான்.

வீடு பூட்டிக் கிடப்பதால் தடவைக்கு இவ்வளவு என்பதைவிடப் பருவத்துக்கு மொத்தமாகப் பேசுவதே நல்லது. ரொறன்ரோவில் மாநகரசபை அள்ளாத நடைபாதையை, பனி நின்று 12 மணித்தியாலத்துக்குள் வீட்டுக்காரர் துப்புரவாக்க வேண்டும். ஊரிலிருந்து போன் எடுத்து ஆள் தேட அந்த நேரம் போதாது. வருபவரிடம் பொறுப்புக் காப்புறுதி (அவர் வேலையால் யாருக்கும் காயமோ சேதமோ வந்தால் ஈடுகட்டும் காப்புறுதி) இருக்கிறதா என்றும் பாருங்கள். கூடக் கேட்டவரின் விலையில் அதுவும் அடங்கியிருக்கலாம்.